ஆறு நிமிட மூச்சு

கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் கண்ணாத்தாளை நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொன்னார். பாதங்கள் நாற்காலிக்கு வெளியே தொங்கின. குதிகாலுக்கு மேல் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று போனது. திரும்பி வரும்போது அவசரமில்லாமல் வந்தது. இன்னொரு முறை தட்டினார். அப்போதும் அப்படியே வந்தது.

"எத்தனை வருசமா இந்த அசதி?"

கண்ணாத்தாள் பதிலை யோசித்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவள் புருஷன் சேவுகன் சொல்லிவிட்டான். இப்போதெல்லாம் அவளுக்காக அவன்தான் பதில் சொன்னான்.

"நாலு வருசங்க. கடைசிப் புள்ள செத்துப் பெறந்துச்சு. அதுலேருந்து."

டாக்டர் கேட்கக் கேட்கச் சேவுகன் சொன்னான். சித்திரை வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். களை எடுக்கப் போனால் வரப்பிலேயே தூங்கிவிடுவாள். முடி கொட்டிவிட்டது. முகம் ஊதிவிட்டது. அது தின்று வந்த சதை இல்லை, தின்பது ஒரு கைப்பிடிதான். குரலும் கட்டையாகிவிட்டது.

"என்னென்ன வைத்தியம் பாத்தீங்க?"

"ரத்தம் இல்லைன்னு ஊசி போட்டாங்க. வயித்துல பூச்சின்னு மருந்து குடுத்தாங்க. புதுக்கோட்டையில ஒரு வைத்தியரு லேகியம் குடுத்தாரு. கோடாங்கி உடுக்கை அடிச்சுப் பாத்துட்டு, கெணத்தடியில எதையோ தாண்டிட்டான்னான். கருப்பருக்கு ரெண்டு வருசம் ரெண்டு கெடா வெட்டுனோம். தலையும் கழுத்தும் பூசாரிக்குப் போச்சு, கறி ஊருக்குப் போச்சு. இவ அப்படியேதான் இருக்கா."

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாத்தாளின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொன்னார். வீக்கம் ஒன்றும் இல்லை. பிறகு புருவத்தைப் பார்த்தார். இரண்டு புருவத்திலும் வெளிப்பக்கம் முடியே இல்லை. நாலு வருடத்தில் யாரும் அவள் புருவத்தைப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. ஒடம்பு எவ்வளவு வேகமா எரியணும்னு அதுதான் சொல்லும். அது படுத்துட்டா ஆளும் படுத்துருவாங்க. எனக்கு அதுமேலதான் சந்தேகம். ஆனா சந்தேகத்துக்கு மருந்து குடுக்க முடியாது. வியாதி இல்லாதவங்களுக்கு அந்த மருந்தைக் குடுத்தா நெஞ்சு தாங்காது. திருச்சியில ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில மெஷின் இருக்கு. மூச்சை அளக்குற மெஷின். சீட்டு எழுதித் தாரேன், போய் அளந்துட்டு வாங்க."

"மூச்சையா?" என்றான் சேவுகன். "மூச்செல்லாம் நல்லாத்தான் விடுறாளுங்க."

வீடு கீரனூருக்குத் தெற்கே மூன்று மைல். நடந்துதான் போனார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் கண்ணாத்தாள் உட்கார்ந்தாள். சேவுகன் நின்றான். மூன்றாவது மரத்தடியில் சொன்னான்.

"இந்தா, கேட்டுக்க. இதுதான் கடைசி. அந்த மெஷின்ல வியாதின்னு வந்தா, வைத்தியம் பாக்குறேன், வேலைக்கு ஏதாவது வழி பண்ணுறேன், செங்கமலம் ஜூன்ல பள்ளிக்கூடம் போகட்டும். ஒண்ணுமில்லைன்னு வந்துச்சுன்னு வையி, அது வீட்டோட நிக்கட்டும். அக்காவும் அது மகனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு. ரெண்டு வருசம் போனா முடிச்சிரலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டுக் கோபப்பட்டு ஓய்ந்து போயிருந்தான்.

செங்கமலம் அவர்களுடைய ஒரே மகள். பதின்மூன்று வயது. தை மாதம் எட்டாவதிலிருந்து நின்றாள். தண்ணீர் எடுக்க, மாடு பிடித்துக் கட்ட, சோறாக்க வீட்டில் ஆள் இல்லை. ஹெட்மாஸ்டர் பதிவேட்டிலிருந்து பேரை அடிக்காமல் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரத்துக்குள் வந்தால் மறுபடி எட்டாவதிலேயே உட்காரலாம், இல்லையென்றால் அடித்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முதல் மாதம் பெண் அழுதது. இரண்டாம் மாதம் தண்ணீர்க் குடத்தைத் தட்டென்று வைத்தது. மூன்றாம் மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது. இப்போது அவள் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கினாள். உலையில் எத்தனை படி போடவேண்டும் என்று கேட்பதில்லை. மாடு அவள் குரலுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கண்ணாத்தாள் கிடந்த இடத்திலிருந்து இதையெல்லாம் பார்த்தாள். மகள் தேறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வாசலில் சேவுகனின் அக்கா ராசாத்தி நின்றிருந்தாள். அடுத்த வீடு. யார் எங்கே போய்விட்டு வந்தாலும் அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

"என்ன சொன்னாரு டாக்டரு?"

"திருச்சிக்குப் போகணுமாம் மதினி" என்றாள் கண்ணாத்தாள்.

"ஆம்பளைக் குரலு வந்திருச்சே, அதைக் கேட்டாரா? பேசாம ஏரைக் குடுத்து உழச் சொல்லுடா சேவுகா. படுத்தா சோம்பேறிங்கிறோம், திருச்சிக்குப் போனா வியாதியாயிருமா?"

சேவுகன் உள்ளே போனான்.

•

சோதனை காலையில் வெறும் வயிற்றில். முதல் நாளே வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும், நடக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது. சீட்டில் இருந்த இதைச் செங்கமலம் படித்துச் சொன்னபோது சேவுகன் சொன்னான்: "இதுக்குன்னே பெறந்தவ நீ."

அவனுக்கே அது சரியில்லை என்று பட்டது போலிருக்கிறது. பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெயில் படட்டும் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மெஷின் ஒரு தகரப் பீப்பாய் மாதிரி இருந்தது. அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள். பக்கத்தில் தாள் சுற்றிய உருளை, தாளைத் தொட்டுக்கொண்டு ஒரு பேனா முள். அதைப் பார்த்துக்கொள்பவர் பேர் ரெங்கராஜ். முப்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசினார். எடை பார்த்தார், உயரம் பார்த்தார், வயசு கேட்டார்.

"கல்யாணம் ஆகி பதினாறு வருசங்க" என்றான் சேவுகன் வாசற்படியிலிருந்து. "அப்ப பதினெட்டோ என்னமோ."

ரெங்கராஜ் முப்பத்துநாலு என்று எழுதிக்கொண்டார். கண்ணாத்தாளைக் கட்டிலில் படுக்கவைத்து, அரை மணி நேரம் அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்தார். பிறகு வந்தார்.

"இந்த ரப்பரை வாய்க்குள்ள வச்சுப் பல்லால கவ்விக்கங்கம்மா. ஆறு நிமிசம் வாயாலதான் மூச்சு. மூக்கை இந்தக் கிளிப்பால மூடிருவேன். உள்ள இருக்குற காத்தை நீங்க எவ்வளவு எடுத்துக்கிறீங்கன்னு முள்ளு எழுதும். ஒடம்பு நெறைய எரிச்சா கோடு செங்குத்தா ஏறும். கம்மியா எரிச்சா படுத்துக்கிட்டே போகும். ஆனா ஒண்ணு, எங்கிட்டும் காத்து கசியக் கூடாது. கசிஞ்சா அதையும் நீங்க எரிச்சதா மெஷின் எடுத்துக்கும்."

கிளிப்பை எடுத்துக்கொண்டு குனிந்தவர் நின்றார்.

"மூக்குத்தியக் கழட்டிருங்கம்மா."

வலது மூக்கில் சிவப்புக் கல் மூக்குத்தி. கல்யாணத்துக்குச் சேவுகன் வீட்டில் போட்டது. போட்டவன் போன பிறகுதான் அது மூக்கை விட்டு இறங்கும். கண்ணாத்தாள் தெருவில் அப்படி இறக்கியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சேலை.

அவள் தலையை ஆட்டினாள்.

"அது கழராதுங்க" என்றான் சேவுகன். "திருகாணி அழுக்கேறி இறுகிப்போச்சு."

ரெங்கராஜ் இரண்டு பேரையும் பார்த்தார். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"சரி, பஞ்சு வச்சுப் பாக்குறேன். மூக்குல காத்து போற மாதிரி இருந்தா ஒடனே கையைத் தூக்குங்க. நிறுத்திருவேன்."

மூக்குத்தியைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதன்மேல் கிளிப்பைப் போட்டார். வாயில் ரப்பர் கசந்தது. பீப்பாய் ஏறி இறங்கியது. உருளை சுழன்றது.

முதல் சில மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல் கிளிப்பைத் தூக்கிப் பிடித்திருந்தது. மூச்சை விடும்போதெல்லாம் வலது மூக்கின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் குளிர்ந்தது. காற்று போய்க்கொண்டிருந்தது.

கை மடியின் மேல் கிடந்தது. தூக்க வேண்டும். தூக்கினால் மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். சேவுகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு, உயிரோடு. கையைத் தூக்கலாமா? கொஞ்சம்தானே போகிறது. கொஞ்சம் போனாலும் கணக்கில் வரும் என்றாரே. அப்படியானால் தூக்கத்தான் வேண்டும். ஆனால் இவருக்கு எதிரிலேயா? அவள் யோசனைகள் ஒன்றன் பின் ஒன்றாக, வெயிலில் மேடு ஏறும் மாடுகள் மாதிரி வந்தன. அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ரெங்கராஜ் கிளிப்பை எடுத்துவிட்டார்.

"முடிஞ்சுதும்மா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரெங்கராஜ் பேரைக் கூப்பிட்டு அடுத்த ஆளை வரச் சொன்னார்.

•

கீரனூர் டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். ஜன்னலோரம் போய் மறுபடியும் பார்த்தார்.

"பிளஸ் ரெண்டு" என்றார். "எல்லாருக்கும் இருக்குற மாதிரிதான் இருக்கு."

"வியாதி இல்லையா?" என்றான் சேவுகன்.

"இந்த வியாதி இல்லை." அவர் கண்ணாத்தாளின் புருவத்தை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தாளில் அப்படித்தான் இருந்தது. "மனசுல ஏதும் கவலை இருக்கா?"

"கவலைப்படுறதெல்லாம் எங்க பொழப்புங்க. அவளுக்கு என்ன கவலை."

சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். முன்பு இருந்த டாக்டர்கள் கொடுத்ததும் அதேதான். வீட்டில் அந்தப் பாட்டில்கள் ஏழு இருந்தன. செங்கமலம் அவற்றில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள்.

ராசாத்தி வாசலிலேயே கேட்டாள். சேவுகன் சொன்னான்.

"நான்தான் சொன்னேனே" என்றாள். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் இடிக்கவில்லை. சாயங்காலம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "செங்கமலத்துக்கு ஒரு பாவாடை எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கச் சொல்லு" என்று போனாள்.

கண்ணாத்தாளுக்குப் புரிந்தது. பெண் கேட்டு முடித்தாகிவிட்டது.

மூன்று நாள் அவள் அதைச் சுமந்துகொண்டு படுத்திருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் சேவுகன் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். செங்கமலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள்.

"இங்க பாருங்க."

"என்ன?"

"அந்த மெஷின்ல, காத்து போச்சு."

அவன் நிமிர்ந்தான்.

"மூக்குத்திக்கிட்ட. மொதல்லேருந்து போச்சு. எனக்குத் தெரியும்."

"கையைத் தூக்கச் சொன்னானே அந்த ஆளு."

"தூக்கலை."

"ஏன்?"

"நீங்க வாசப்படியில உக்காந்திருந்தீங்க."

சேவுகன் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். சோறு காய்ந்தது. பிறகு கை கழுவிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். சாயங்காலம் வந்தும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவன் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பதினெட்டு நாள் இருந்தது.

•

அதற்கடுத்த நாள் காலை செங்கமலத்திடம் கடைத்தெருவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் கிளம்பினாள்.

"நீயா, தனியாவா?" என்றாள் மகள்.

"வந்துருவேன்."

மூன்று மைல் நடக்க முற்பகல் முழுசும் ஆனது. மரத்தடிகளிலும் உட்கார்ந்தாள், மரம் இல்லாத இடத்திலும் உட்கார்ந்தாள். தங்கமுத்து ஆசாரியின் பட்டறை கீரனூர்க் கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. அவளுக்கு மூக்குக் குத்தியவர் அவர்தான். இப்போது கிழவராகிவிட்டார். மூக்குத்தியை எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"எப்ப ஆத்தா தவறுனாரு?"

"யாரும் தவறலைங்க. இருக்காரு."

"எங்க இருக்காரு?"

"கொல்லையில. உழுதுக்கிட்டு."

ஆசாரி ஊதுகுழலை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அப்ப அவரைக் கூட்டிட்டு வா. உழுதுக்கிட்டு இருக்குறவன் பொண்டாட்டி மூக்குல கைவச்சேன்னா, நாளைக்கு அவனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என்னைத்தான் கேப்பாங்க."

திரும்பி நடந்தால் மூன்று மைல். அழைத்துக்கொண்டு வந்தால் இன்னும் மூன்று. கண்ணாத்தாள் அதற்கெல்லாம் ஆள் இல்லை. பட்டறை வாசலில் கீற்று நிழல் இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"இங்கேயே உக்காந்துட்டா நான் எடுத்துருவேனா?" என்றார் ஆசாரி.

அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சேவுகன் குனிந்து நின்றிருந்தான். யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு வந்திருந்தான். முழங்கால் வரை புழுதி.

"செங்கமலம் அழுதுக்கிட்டு கொல்லைக்கு ஓடியாந்துச்சு. ஆத்தா எங்கிட்டாவது விழுந்துட்டாளோன்னு." அவளைப் பார்த்தான். மூக்குத்தி இருந்தது. "எடுக்கலையா?"

"நீங்க வந்தாத்தான் எடுப்பாராம்."

சேவுகன் ஆசாரியிடம் திரும்பினான்.

"வந்துட்டேன். நல்லாப் பாத்துக்கங்க. நிக்கிறேன், பேசுறேன். எடுங்க."

"நீங்களே திருகுங்க. நான் சொல்லித்தாரேன். முதல்ல கைவச்சது நீங்கன்னு இருக்கட்டும்."

சேவுகன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் கட்டைவிரல் மூக்குத் துவாரத்துக்குள் போகவில்லை. சுண்டுவிரலை விட்டுத் திருகாணியைத் தேடினான். தும்மல் வந்தது அவளுக்கு. அவன் முகத்திலேயே தும்மினாள்.

"நல்லது" என்றார் ஆசாரி. "நூறு வயசு."

"யாருக்கு?" என்றான் சேவுகன்.

திருகாணி அசையவில்லை. கடைசியில் ஆசாரி சின்னக் குறடும் வாள் போன்ற ஒரு கம்பியும் எடுத்தார். சேவுகன் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் தலையை அவன் தொட்டுப் பல மாதமாகியிருந்தது. முடி எவ்வளவு போயிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நொடி கைகள் இடம் மாறின. பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

கம்பி அறுத்தது. கொஞ்சம் ரத்தம் வந்தது. மூக்குத்தி ஆசாரியின் உள்ளங்கையில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

ஆசாரி அதைத் தாளில் மடித்துச் சேவுகனிடம் கொடுத்தார். "திருகாணி புதுசாத்தான் பண்ணணும். ஓட்டை தூர்ந்து போகாம வேப்பங்குச்சி சொருகி வை ஆத்தா."

சைக்கிளின் பின்னால் அவளை உட்காரவைத்துச் சேவுகன் தள்ளிக்கொண்டே வந்தான். ஏறி மிதித்தால் விழுந்துவிடுவாள் என்று பயம். ஊர் எல்லையில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கேன், இருக்கேன்" என்றான் சேவுகன். நடந்துகொண்டே இருந்தான்.

•

கீரனூர் டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டுப் புதுச் சீட்டு எழுதினார். "மூக்குத்தியப் பத்தி நான் முன்னாடியே கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ரெங்கராஜுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் வாசற்படியைப் பார்த்தார். சேவுகன் அங்கே உட்கார்ந்திருந்தான். ரெங்கராஜ் மூச்சை விட்டார்.

"கையைத் தூக்கியிருக்கலாம்லம்மா" என்றார். பிறகு, "நானும் அன்னிக்கு விட்டிருக்கக் கூடாது. எங்கம்மாவும் கழட்ட மாட்டாங்க. அதுதான்."

குச்சியை எடுக்கச் சொல்லி, ஓட்டையில் வாஸ்லின் தடவினார். கிளிப் இரண்டு பக்கமும் அழுந்திப் பொருந்தியது. இந்த முறை குளிரவில்லை. கண்ணாத்தாள் வேறு எதையும் யோசிக்கவில்லை. வாயால் இழுத்தாள், வாயால் விட்டாள். ஆறு நிமிடமும் கண்ணை மூடியே இருந்தாள்.

ரெங்கராஜ் தாளை உருளையிலிருந்து பிரித்தார். பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழையதில் கோடு மேட்டில் ஏறியிருந்தது. புதியதில் கோடு தரையோடு தரையாகப் போயிருந்தது. அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். இன்னொரு முறை போட்டார்.

"மைனஸ் முப்பத்தாறு."

"அப்படின்னா?" என்றான் சேவுகன்.

"நூறு எரிய வேண்டிய ஒடம்புல அறுபத்துநாலுதான் எரியுது."

சேவுகன் எழுந்து வந்து தாளைப் பார்த்தான். படிக்கத் தெரியாது. ஆனால் கோடு தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அறுபத்துநாலுலதான் போன வருசம் வரைக்கும் நடவுக்கு வந்தாளா" என்றான். யாரையும் கேட்கவில்லை.

கண்ணாத்தாளுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் பெரிதாக இல்லை. நாலு வருடமாக எல்லோரும் அவளைச் சோம்பேறி என்று சொல்லியிருந்தார்கள். அவளும் அதை ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் தன்னைத் தானே வைதுகொண்டு எழுந்திருந்தாள். இப்போது அந்த வசவை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாத்திரை பழுப்பாக, ஒரு கொள்ளு அளவுக்கு இருந்தது. கீரனூர் டாக்டர் அரை மாத்திரையில் ஆரம்பிக்கச் சொன்னார். ஒரேயடியாகக் கொடுத்தால் இருதயம் தாங்காதாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். தெம்பு வர ஒன்றரை மாதம் ஆகலாம். காலம் பூரா சாப்பிட வேண்டும்.

"இது எதுலங்க செய்யுறது?" என்றான் சேவுகன்.

"ஆடு மாடு பன்னி இதுகளோட கழுத்துச் சுரப்பிதான். காயவச்சுப் பொடி பண்ணி, மாத்திரையாக்குறாங்க."

சேவுகன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ஆட்டுக் கழுத்தா? கெடாக் கழுத்துலயும் இருக்குமா?"

"இருக்கும்."

"ரெண்டு கெடா வெட்டுனோம்ங்க இவளுக்காக. ரெண்டு கழுத்தையும் பூசாரி கொண்டுபோனான்." மாத்திரையை மறுபடி புரட்டினான். "அவன் மட்டும் நல்லாத்தான் இருக்கான். எழுவது வயசுல இன்னும் ஓடுறான்."

டாக்டர் அன்றைக்குத்தான் சிரித்தார்.

•

பள்ளிக்கூடம் திறந்த மறுநாள். மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு மாற்றமும் இல்லை. வைகாசி வெயிலிலும் குளிர்ந்தது. கண்ணாத்தாள் விடிந்ததும் கண் விழித்துக் கிடந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், இன்றைக்கு எப்படியாவது. கையை ஊன்றினாள். எழுந்து உட்கார்ந்தாள். அடுப்பங்கரை மூலையில் குடம் இல்லை.

கிணற்றடியில் ராசாத்தியின் குரல் கேட்டது.

"அடடா, இதை யாரு பாக்குறது! பொண்டாட்டி மூக்குல வேப்பங்குச்சி, புருசன் இடுப்புல கொடம். ஏண்டா சேவுகா, நாளைக்குக் கோலமும் நீதானா?"

"கோலம் எனக்கு வராது அக்கா. நீ வந்து போட்டுட்டுப் போ."

"போடுறேன், போடுறேன். கொடத்தை இப்படியாடா புடிக்கிறது? இடுப்பை வளைச்சுப் புடி. தண்ணி பூரா தெருவுலதான் போகுது."

"அந்தப் பாவாடை செங்கமலத்துக்குச் சரியா இருக்கு" என்றான் சேவுகன். "பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகட்டும்."

ராட்டினச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "போட்டுக்கிட்டுப் போகட்டும்" என்றாள். "கிழிச்சுக்கிட்டு வந்தா நான் கேப்பேன்."

செங்கமலம் அந்தப் பாவாடையோடு வாசலில் வந்து நின்றாள். கையில் போன வருடத்துப் புத்தகங்கள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாட்டைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள், இன்னும் பெருக்கவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி யாரு காட்டுறது?"

"ஒங்கப்பா."

"உலை?"

"நான் வைக்கிறேன்."

"ஒனக்குத்தான் இன்னும் முடியலையே ஆத்தா."

"முடியலைதான்" என்றாள் கண்ணாத்தாள். "நீ போ."

பெண் தயங்கினாள். ஐந்து மாதத்தில் அவள் கால் வேறு வழிக்குப் பழகியிருந்தது. விளக்குமாற்றை எடுக்கக் கையை நீட்டினாள். கண்ணாத்தாள் அதை முந்திக்கொண்டு எடுத்தாள். முந்தினாள் என்று சொல்ல முடியாது. விளக்குமாறு அவள் பக்கத்தில் இருந்தது.

செங்கமலம் போனாள். முதலில் மெதுவாகத்தான் போனாள். தெருக்கோடி மண்டபம் தாண்டியதும் ஓடினாள்.

கண்ணாத்தாள் வாசலைப் பெருக்கத் தொடங்கினாள். கால்வாசி ஆனதும் உட்கார்ந்தாள். எழுந்தாள். பாதி ஆனதும் மறுபடி உட்கார்ந்தாள். சேவுகன் குடத்தோடு வந்து, பெருக்கிய பக்கமாகச் சுற்றி உள்ளே போனான். இடுப்பெல்லாம் நனைந்திருந்தது.

மீதிப் பாதி அப்படியே கிடந்தது. அதை முடிக்கச் சொல்லி அவள் யாரையும் கூப்பிடவில்லை. மூச்சு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.